தேருக்கு முன்னால் ஈரத்துணி

மகன்,

காலையிலிருந்து இந்தக் கடிதத்தைத் தொடங்குவதும் எழும்பிப் போவதுமாக இருக்கிறேன். இருந்தால் கதிரை முதுகில் ஒட்டுகிறது. எழும்பினால் எங்கே போவதென்று தெரியவில்லை. பல்கனிக் கதவைத் திறந்தால் அனல் முகத்தில் அடிக்கிறது, மூடினால் மூச்சு முட்டுகிறது. நீ இங்கே இருந்த காலத்தில் ஸ்காபரோவில் இப்படியொரு வெயிலைக் கண்டதில்லை. வெளியே போகாதீர்கள், தண்ணீர் குடியுங்கள், வயதானவர்களைப் போய்ப் பாருங்கள் என்று ரீவியில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். உன் அப்பா அதை ஒன்றும் விடாமல் பார்க்கிறார். பார்த்து முடிந்ததும், "உவங்களுக்கு வெயில் எண்டால் என்னெண்டு தெரியாது" என்கிறார். இந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு இந்தக் கிழமை முழுவதையும் ஓட்டிவிட்டார்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. நாளை மறுநாள் கோயிலில் தேர். அப்பா பிரதட்டை செய்யப் போகிறார். சாமியின் தேர் முன்னே போக, அதற்குப் பின்னால் வெறும் மேலோடு வீதி முழுவதும் உருண்டு வரப் போகிறார். வீதி என்று நாங்கள் சொல்கிறோமே தவிர அது கார் பார்க். பண்டகசாலையாக இருந்ததைக் கோயிலாக்கியவர்கள் சுற்றிவர இருந்த தாரை என்ன செய்வது? நேற்று மத்தியானம் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்துப் பார்த்தேன். வைத்த கால் தானாகவே மேலே வந்துவிட்டது. அதில் அந்த மனிசன் முதுகும் நெஞ்சும் வயிறும் படப் புரளப் போகிறார். அதுவும் விரதம், தேர் வீதி சுற்றிவந்து இருப்பில் நிற்கும்வரை பச்சைத் தண்ணீரும் வாயில் படாது. பிரஷருக்கு அவர் போடும் குளிசை உடம்பில் உள்ள தண்ணீரையெல்லாம் வெளியே எடுத்துவிடும் குளிசை. பிளாசாவில் இருக்கும் நம்முடைய டொக்டர், "அண்ணை, இந்த வெயிலுக்குள்ளை உருண்டால் நான் பொறுப்பில்லை" என்று நேராகவே சொல்லிவிட்டார். அப்பா அவருக்குத் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, "பெடியன் நல்லாப் படிச்சிருக்கிறான்" என்றார்.

இந்தக் கடிதம் கல்கரிக்கு வந்து உன் கையில் கிடைக்கும்போது ஞாயிறு முடிந்திருக்கும். ரெலிபோனில் சொல்லலாமே என்று கேட்பாய். முன்பொரு தடவை ரெலிபோனில் நடந்தது எனக்குப் போதும். அப்பா உருளப் போகிறார் என்று நான் சொல்ல, நீ அவரிடம் கொடுக்கச் சொன்னாய். கொடுத்தேன். நீ பேசியது எனக்குக் கேட்கவில்லை, ஆனால் கடைசியில் சத்தம் போட்டுச் சொன்னது மட்டும் கேட்டது. "ஆர் உங்களை உருளச் சொன்னது?" என்று கேட்டாய். அவர் ரிசீவரை என் கையில் தந்துவிட்டுப் பல்கனிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு இந்த வீட்டில் உன் பெயரை அவர் எடுக்கவில்லை. நீ ரெலிபோன் எடுக்கும் நேரம் பார்த்துக் குளிக்கப் போகிறார். ஒரு நாளில் இத்தனை தரம் குளிக்கிற மனிசனை நான் முன்பு கண்டதில்லை.

நீ கேட்ட கேள்விக்கு மறுமொழி இருக்கிறது மகன். சொல்ல வேண்டாம் என்று அவர் என்னைக் கட்டிப்போட்டிருக்கிறார். இந்த வெயிலில் அந்தக் கட்டெல்லாம் அவிழ்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

நீ பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஏஜென்சிக்காரனோடு புறப்பட்டாய். கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு மாதக்கணக்காக ஒன்றுமில்லை. எந்த நாட்டில் நிற்கிறாய், நிற்கிறாயா இல்லையா என்றே தெரியாது. நான் அழுதேன், அழுதபடியால் எனக்குக் கொஞ்சம் ஆறியது. அவர் அழவில்லை. ஒருநாள் காலை எழும்பி முழுகிவிட்டுக் கோயிலுக்குப் போய் நேர்த்தி வைத்துவிட்டு வந்தார். பிள்ளை உயிரோடு ஒரு கரையில் ஏறினால் மூன்று தேருக்குப் பிரதட்டை செய்கிறேன் என்று. அதற்குப் பிறகு நீ ரொறொன்ரோவில் இறங்கிவிட்டாய் என்ற செய்தி வந்தது. நேர்த்தியை அங்கேயே தீர்க்க முடியவில்லை. சண்டை, இடப்பெயர்வு, பிறகு நீ ஸ்பொன்சர் செய்து நாங்களும் இங்கே வந்துவிட்டோம். கடவுளுக்குச் சொன்ன சொல் மட்டும் அப்படியே கிடந்தது. இங்கே கோயிலில் தேர் தொடங்கியதும் அவர் செய்த முதல் வேலை உருண்டதுதான். முதல் வருடம் மழை. இரண்டாம் வருடம் மப்பும் மந்தாரமும். இது மூன்றாம் வருடம், கடைசி. இதை விட்டால் முதல் இரண்டும் கணக்கில் இல்லை என்கிறார்.

அவர் உருளுவது உனக்காக. உன்னை யாரும் கேட்கவில்லை, உண்மைதான். எங்களையும் யாரும் கேட்கவில்லை, நீ போய் அங்கே இருட்டில் நிற்கும்போது நாங்கள் ஊரில் என்ன செய்வோம் என்று.

கோபப்பட்டு எழுதிவிட்டேன். எழுதியதை வெட்டவில்லை, அப்படியே இருக்கட்டும். எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நீயும் குடி. தாகம் வரும்வரை காத்திருக்காதே. நாங்கள் வெயில் நாட்டு ஆட்கள், எங்களுக்கு இது புதிதில்லை என்ற கதையை நீ நம்பாதே. அங்கே வெயிலும் இருந்தது, வெயிலுக்கு ஒதுங்க நிழலும் இருந்தது. மத்தியானத்தில் யாரும் வெளியே இறங்கவில்லை, பின்னேரம் காற்று வந்தது. இந்தக் கட்டடம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு இரவெல்லாம் அதை எங்கள் மேல் துப்புகிறது. எலிவேற்றர் வேறு நினைத்த நேரம் நின்றுவிடுகிறது. வந்த முதல் கோடையில் நான் ஜன்னலெல்லாம் பூட்டி, உள்ளே அடுப்பில் மூன்று கறியும் வைத்து, கள்ளன் வருவான் என்று கதவுக்கும் சங்கிலி போட்டு இருந்தது நினைவிருக்கிறதா? நீ வேலையால் வந்து, "அம்மா, எங்களையும் சேர்த்தோ சமைக்கிறீங்கள்?" என்று கேட்டாய். அன்றைக்குச் சிரித்தோம். இப்போது வெயில் படும் பக்கத்துத் திரையைப் பகலில் மூடி, சூரியன் இறங்கினபிறகு எல்லாவற்றையும் திறந்து விடுகிறேன். அடுப்பு விடியற்காலையில் மட்டும்தான். மத்தியானம் பழஞ்சோற்றில் மோர் விட்டு வெங்காயம் வெட்டிப் போட்டால் தீர்ந்தது.

புதன்கிழமை நடந்ததையும் சொல்ல வேண்டும். மேல் மாடியில் கனகு அங்கிள் இருக்கிறாரல்லவா, உனக்குக் கார் ஓட்டப் பழக்கினவர். மகள் வேலைக்குப் போனால் பகலில் தனி. இந்தக் கிழமை நானும் ரோஸ் அக்காவும் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு திரிகிறோம். ரோஸ் அக்கா எங்கள் கொரிடோரின் கடைசி வீட்டுக்காரி, மன்னார்ப் பக்கம். நீ போனபிறகு வந்த குடும்பம். காலையில் கனகு அங்கிளின் கதவைத் தட்டி, "சுகமோ அங்கிள்?" என்று கேட்டேன். சங்கிலியைக் கழற்றாமலே, "ஓம் பிள்ளை, நல்ல சுகம்" என்றார். நாங்களும் திரும்பிவிட்டோம். எனக்கு மனம் கேட்கவில்லை. பின்னேரம் திரும்பவும் போய்த் தட்டினேன். கதவைத் திறக்கவே அவருக்குக் கன நேரம் எடுத்தது. உள்ளே இருட்டு, ஜன்னலுக்குக் கம்பளி தொங்குகிறது. கையைப் பிடித்தேன். காய்ந்து, கொதித்துப் போய்க் கிடந்தது, ஒரு பொட்டு வியர்வை இல்லை. என்னைப் பார்த்து அவருடைய செத்துப்போன அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ரோஸ் அக்கா ஓடிப் போய் அம்புலன்ஸுக்கு அடித்தா. நான் துவாயை நனைத்துக் கழுத்திலும் கக்கத்திலும் வைத்துக்கொண்டே இருந்தேன். தப்பிவிட்டார், இன்னும் ஆஸ்பத்திரியில்தான். அதனால் சொல்கிறேன், எங்கள் ஆட்களிடம் சுகமா என்று கேட்காதே. கேட்டால் ஓம் என்றுதான் சொல்வார்கள், அது பதிலில்லை, பழக்கம். உள்ளே போ. கையைத் தொட்டுப் பார். என்ன குடித்தீர்கள், எப்போது குடித்தீர்கள் என்று கேள்.

அப்பா ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தார். இனியாவது மனம் மாறுமோ என்று பார்த்தேன். "கனகருக்கு வயசு போட்டுது" என்றார். அவருக்கும் கனகு அங்கிளுக்கும் எத்தனை வயது வித்தியாசம் என்று நான் கேட்கவில்லை. சண்டை பிடிக்கவும் இந்த வெக்கையில் பலம் வேண்டும்.

ஐயரிடமும் போனேன். வேளைக்கே, வெயில் ஏறுமுன் தேரை இழுத்தால் என்ன என்று கேட்டேன். நாள் நேரம் பார்த்து வைத்தாயிற்று, நோட்டீஸும் அடித்தாயிற்று என்றார். அவரை உருள வேண்டாம் என்று நீங்கள் ஒரு சொல் சொல்லுங்கோ என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "அம்மா, நேர்த்தி அவருக்கும் கடவுளுக்கும் இடையிலை. நான் நடுவிலை நிண்டு என்னெண்டு மறிக்கிறது?" என்றார். வெளியே வந்து அந்தத் தாரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது கறுப்பாக மினுங்கிக்கொண்டு கிடந்தது. அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. இப்போது சொல்ல மாட்டேன். சரிவருமா என்று தெரியவில்லை. ரோஸ் அக்காவைப் பார்க்கப் போகிறேன்.

திங்கட்கிழமை.

கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நீ பயந்துகொண்டு வாசிக்க வேண்டாம். அப்பா இருக்கிறார். அறைக்குள் பாயில் படுத்திருக்கிறார், ஃபான் ஓடுகிறது. இனிமேல் சொல்கிறேன்.

ஊரில் சாமி வெளிவீதி வரும்போது முன்னால் சலவைக்காரர் நிலத்தில் வெள்ளைத் துணி விரிப்பார்கள், நிலபாவாடை என்று. நீ சின்னனில் அதில் ஓடி அடி வாங்கியிருக்கிறாய். இங்கே அந்த வழக்கத்தை ஒருவரும் கொண்டுவரவில்லை. நான் நினைத்தது அவ்வளவுதான். உன் அப்பாவுக்குத் துணி விரித்தால் காலால் தள்ளிவிட்டு வெறும் தாரில் உருளுவார். சாமிக்கு விரித்த துணியை அவர் எப்படித் தள்ளுவார்? தேர் முன்னால் போகட்டும், அவர் பின்னால் அதே துணியில் வரட்டும். அந்தத் துணி ஈரமாக இருந்தால் யாருக்கு என்ன நட்டம்?

சனிக்கிழமை நானும் ரோஸ் அக்காவும் மாடி மாடியாக ஏறி பெட்சீற் சேர்த்தோம். வெள்ளைதான் கேட்டோம், கிடைத்ததெல்லாம் வந்தது. பூப்போட்டது, கோடு போட்டது, யாரோ ஒரு பிள்ளையின் டைனோசோர் படம் போட்டதும் வந்தது. ஞாயிறு காலை அன்னதானத்துக்குச் சோறு அவிக்கும் கிடாரங்களில் இரண்டை வாங்கி, தண்ணீரும் ஐஸும் நிரப்பி அதற்குள் எல்லாவற்றையும் அமிழ்த்தினோம். கோயில் சபையில் இருக்கும் தம்பி ஒருவர் வந்து முகத்தைச் சுளித்தார். "இது நீங்கள் செய்யிற வேலையே அக்கா? ஊரிலை இதுக்கெண்டு ஆக்கள் இருந்தவை" என்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியாது. "இருந்தவை தம்பி. அவையின்ரை பிள்ளையள் இப்ப இஞ்சை டொக்டராயும் இருக்கினம், உமக்கு மோர்ட்கேஜ் எடுத்துத் தாறவையாயும் இருக்கினம். இண்டைக்கு இது என்ரை வேலை. வாரும், அந்த நுனியைப் பிடியும்" என்றேன். அவர் பிடித்தார் மகன். கடைசிவரை பிடித்தார். ரோஸ் அக்கா சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எங்கட மாதாவும் பார்த்துக்கொண்டுதான் நிப்பா" என்று சொல்லி அடுத்த நுனியைப் பிடித்தா.

தேர் வெளிக்கிட்டது. இரண்டு பக்கச் சில்லுக்கும் நடுவில் ஈரத்துணியை விரித்தோம். வடம் பிடித்தவர்கள் அதன்மேல் நடந்தார்கள், தேர் கடந்தது. பின்னால் உன் அப்பாவும் பிரதட்டை செய்ய வந்த மற்றவர்களும் படுக்க வந்தார்கள். அப்பா துணியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆருக்கு உது?"

"சாமிக்கு."

"எனக்குத் தெரியும் நீர் ஆருக்கு விரிச்சனீர் எண்டு."

"சாமி மிதிச்ச துணி. வேண்டாம் எண்டால் அவரிட்டைச் சொல்லுங்கோ."

 பிறகு கையைத் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு டைனோசோருக்கு மேலே படுத்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அவர்கள் உருண்டு கடந்த துணியை நாங்கள் பின்னால் உருவி எடுத்து, கிடாரத்தில் தோய்த்து, முன்னால் ஓடிப் போய் விரித்தோம். முதலில் நாங்கள் நாலைந்து பேர். பிறகு பார்த்தால் பட்டுச்சீலை கட்டின பெண்களெல்லாம் ஓடுகிறார்கள், பெடியன்கள் கிடாரத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். ஆனாலும் அந்தத் தார் துணியிலிருந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. பின்வீதி தாண்டும்போதே ஐஸ் முடிந்துவிட்டது. கடைசி மூலைக்கு வரும்போது அப்பா உருளுவது மெதுவாகிவிட்டது. ஒரு புரளலுக்கும் அடுத்ததுக்கும் இடையில் கிடந்துவிடுகிறார். ஓடிப் போய்க் கையைத் தொட்டேன். கனகு அங்கிளின் கை. அதே காய்ச்சல், அதே வறட்சி.

"முடிஞ்சுதோ?" என்று கேட்டார். நாக்குத் தடித்துப் போயிருந்தது.

முடியவில்லை. இன்னும் ஒரு பக்கம் கிடந்தது. நீங்கள் எழும்புங்கோ என்றால் எழும்பமாட்டார் என்று எனக்குத் தெரியும். மூன்று வருடம், இத்தனை நாடு, இத்தனை சண்டை கடந்து வந்த சொல்லைக் கடைசிப் பக்கத்தில் விட அவர் ஆளில்லை. செத்தாவது உருளுவார். நான் எழும்பி ஓடினேன். எங்கே ஓடுகிறேன் என்று யோசிக்கவில்லை. தேருக்கு முன்னால் போய், வடத்தைப் பிடித்து வந்தவர்களுக்கு நடுவில், கையில் ஈரத்துணியோடு நின்றுவிட்டேன். மேளம் நின்றது. யாரோ, "தள்ளுங்கோ அக்கா, தேர் வருது" என்று கத்தினார்கள். நான் தள்ளவில்லை. தேரில் இருந்த ஐயரை நிமிர்ந்து பார்த்து, "ஐயா, அவர் எழும்பமாட்டார். நீங்கள்தான் நிப்பாட்ட வேணும்" என்றேன். 

ஐயர் திரும்பிப் பின்னால் பார்த்தார். பிறகு இறங்கினார். கர்ப்பூரத் தட்டோடு அப்பா கிடந்த இடத்துக்கு நடந்து போய்க் குந்தினார்.

"அண்ணை, எழும்புங்கோ. முடிஞ்சுது."

"இன்னும் கிடக்கு ஐயா. தேர் இருப்புக்கு வரேல்லை."

"தேர் நிக்கிற இடந்தான் இருப்பு. இண்டைக்குச் சாமி இதிலைதான் நிக்கிறார். உங்கட நேர்த்தி நிறைஞ்சுது" என்றார் ஐயர். சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே தீபாராதனை காட்டினார். கார் பார்க்கின் மூலையில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், முழுத் தேரும் நின்றது. சனம் முழுக்க வெயிலில் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றது.  அப்பா படுத்தபடியே கும்பிட்டார். தண்ணீர் குடியுங்கோ என்றால் விரதம் என்று சொல்வாரே என்று நான் யோசிக்க முதல், ஐயர் செம்பைச் சரித்து, "தீர்த்தம்" என்றார். அப்பா வாயைத் திறந்தார். செம்பு முடியும்வரை அது தீர்த்தமாகவே இருந்தது.

பெடியன்கள் அவரைத் தூக்கி உள்ளே நிழலுக்குக் கொண்டு போனார்கள். கழுத்திலும் கக்கத்திலும் ஈரத்துணி வைத்தோம். அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி இரவு வைத்திருந்து இன்று காலை விட்டார்கள். முழங்கையிலும் தோளிலும் கொப்புளம் போட்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் கிடந்திருந்தால் நிலைமை வேறு என்று அந்த டொக்டர் பெண் சொன்னா. நான் இங்கிலிஷ் விளங்காதது மாதிரி நின்றேன்.

வீடு வந்ததிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வெயில் குறையவில்லை, நாளைக்கும் இப்படித்தானாம். அரைமணிக்கு ஒருதரம் போய் அவர் கையைத் தொடுகிறேன். வியர்த்திருந்தால் சந்தோசம். "என்னத்துக்கு இப்பிடித் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறீர்?" என்று எரிந்து விழுகிறார். எரிந்து விழட்டும். மோர் கரைத்துக் கொடுத்தேன். பாதியைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, உன் பெயரைச் சொல்லாமல்தான், என்னிடம் கேட்டார்.

"அவனுக்கு அங்கை வெளியிலைதானே வேலை? தண்ணி கொண்டு போறவனோ எண்டு கேளும்."

கேட்டுவிட்டேன் மகன். ஆனால் மறுமொழியை எனக்கு எழுதாதே. ரெலிபோனை எடு. அவர் குளிக்கப் போக மாட்டார், நான் பார்த்துக்கொள்கிறேன். மன்னிப்பு, நேர்த்தி, அதெல்லாம் ஒன்றும் கதைக்க வேண்டாம். நான் சொன்னதாகவும் காட்டிக்கொள்ளாதே. சுகமோ என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதே, ஓம் என்று சொல்லிவிடுவார். என்ன குடித்தீர்கள் அப்பா என்று கேள். அவர் கேட்பதற்கு முதல், நீ என்ன குடித்தாய் என்று சொல்.

அம்மா